பாடக்குறிப்பில் இல்லாத பிள்ளைகள்

பி.எட். படித்தவர் யாரும் பாடக்குறிப்பு நோட்டை மறந்திருக்க மாட்டார். பழுப்பு அட்டை போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து எழுதும் நோட்டு அது. ஒரு பத்தியின் தலைப்பு ‘ஆசிரியர் செயல்’, அடுத்தது ‘மாணவர் செயல்’. வகுப்புக்குப் போவதற்கு முந்தைய இரவே இரண்டையும் நிரப்பியாக வேண்டும். ‘ஆசிரியர் படத்தைக் காட்டி வினவுவார்’ என்று இந்தப் பக்கம் எழுதினால், ‘மாணவர்கள் உற்றுநோக்கி விடையளிப்பர்’ என்று அந்தப் பக்கம் எழுத வேண்டும். இன்னும் முகம் பார்த்திராத பிள்ளைகள், இனிமேல் கேட்கப்போகும் கேள்விக்கு, ஒரே குரலில் விடை சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

படம் கண்ணுக்குத் தெரியாத பிள்ளை, வீட்டில் வேறு மொழி பேசுவதால் படத்தில் உள்ளதன் பெயர் தெரியாத பிள்ளை, விடை தெரிந்தும் எழுந்து நிற்கக் கூசும் பிள்ளை ஆகிய யாருக்கும் அந்தப் பத்தியில் இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டைப் பின்பற்றியவர்கள் வகுத்த படிநிலைகளின் வழிவந்த படிவம் இது. பாடத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவும் கருவி என்ற அளவில் அதில் குற்றமில்லை. வகுப்பறையில் இருப்பது ‘மாணவர்கள்’ என்ற ஒற்றை உருவம் என்ற எண்ணத்தையும் அது சேர்த்தே ஊட்டிவிடுகிறது என்பதுதான் சிக்கல். வேறுபட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவது பற்றிய விவாதம் இந்த நோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு தவறு, நான்கு காரணங்கள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘பழம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பளம்’ என்று எழுதுகிறது. சிவப்பு மை அதைச் சுழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆனால், அந்த ஒரு தவறுக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்.

மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை என்றால், வீட்டில் பலரும் ‘வாளப்பளம்’ என்றே சொல்வார்கள். காதில் விழுந்ததைப் பிள்ளை பிசகாமல் எழுதியிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளை என்றால், அதன் நாக்குக்கு ழகரமே புதிது. காது சற்று மந்தமான பிள்ளைக்கு ழ, ள இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எட்டியே இருக்காது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் இன்று ‘பளம்’, நாளை ‘பழம்’, மறுநாள் ‘பலம்’ என்று மாறி மாறி வரும்.

முதல் பிள்ளைக்கு, பேச்சு வேறு எழுத்து வேறு என்பதைக் கேலி இல்லாமல் எடுத்துச் சொன்னால் போதும். இரண்டாவது பிள்ளைக்கு நாக்கு மடியும் இடத்தைக் காட்டும் வாய்ப்பயிற்சி வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு முன்வரிசையில் இடமும் செவித்திறன் பரிசோதனையும் தேவை. நான்காவது பிள்ளைக்கு முறையான மதிப்பீடும் தனிப் பயிற்சியும் தேவை. ‘பத்து முறை எழுதி வா’ என்ற இம்போசிஷன் இவர்களில் எவருடைய சிக்கலையும் தொடாது.

இந்தப் பிரித்தறியும் திறன் பிறவியில் வருவதில்லை. மருத்துவர் காய்ச்சலின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவது போல, ஆசிரியர் தவறின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். அப்படிப் பழக்கும் இடமாக நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றனவா?

சட்டம் கேட்பதும் பாடத்திட்டம் தருவதும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் கூடுதல் பயிற்சியைத் தருவதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 ஆக விரித்தது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அப்படித்தான் அந்தப் பட்டியலுக்குள் வந்தன.

பயிற்சியின் பக்கம் திரும்பினால் கணக்கு ஒத்துவரவில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. நல்ல மாற்றம்தான். ஆனால், அதையொட்டி வந்த பாடத்திட்டச் சட்டகத்தில், அனைவரையும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றிய தாளுக்குக் கிடைத்தது அரைத் தாளுக்குரிய இடம். மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில் மொத்தம் 150 வினாக்கள். உள்ளடக்கிய கல்விக்கும் சிறப்புத் தேவையுடைய குழந்தைகளைப் புரிந்துகொள்வதற்கும் ஒதுக்கப்பட்டவை ஐந்து. அவையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை, நாட்டின் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 விழுக்காடு தனியார் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, அரசு இதில் முதலீடு செய்ய வேண்டும் என்றது. அதற்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, 1964-66 கோத்தாரி கல்விக் குழு, பயிற்சிக் கல்லூரிகள் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஒதுங்கித் தனித்தீவாகக் கிடப்பதைச் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் ‘ஈராசிரியர் பள்ளி’ என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் ஒரு பிள்ளை அகரம் எழுத, இன்னொரு பிள்ளை வகுத்தல் கணக்கு போடும். மலைக் கிராமங்களிலும் உள்ளடங்கிய ஊர்களிலும் புதிய ஆசிரியரை வரவேற்பது பெரும்பாலும் இத்தகைய பள்ளிதான். அவர் பயிற்சிக் காலத்தில் எழுதிய பாடக்குறிப்போ ஒரே வகுப்பு, ஒரே பாடம், 45 நிமிடம் என்ற கணக்கில் எழுதியது.

அடையாறில் இருந்த பாடம்

பயிற்சிக் கல்லூரிகளில் ‘கல்வியின் அடிப்படைகள்’ என்றால் தத்துவம், உளவியல், சமூகவியல். ரூசோ, டியூயி, பியாஜே, வைகாட்ஸ்கி, தாகூர், காந்தி என்று பெயர்கள் வரிசைகட்டும். மரியா மாண்டிசோரியும் உண்டு. பிறந்த ஆண்டு, நூல்கள், கொள்கைகள், நிறைகுறைகள் எனப் பத்து மதிப்பெண் விடையாக. அவர் கொள்கை எங்கிருந்து முளைத்தது என்பதில்தான் ஆசிரியருக்கான பாடம் இருக்கிறது. மருத்துவரான மாண்டிசோரி முதலில் பணியாற்றியது, அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட ரோம் நகரக் குழந்தைகளிடம். அவர்களுக்காகக் கையாண்ட கருவிகளையும் உற்றுநோக்கும் முறையையும்தான் 1907இல் சான் லொரென்சோ குடியிருப்பில் திறந்த குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோனார். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பிறந்த வழி எல்லாப் பிள்ளைகளுக்குமான வழியாயிற்று. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இங்கேயே தங்கி, அடையாறிலும் கொடைக்கானலிலும் பணியாற்றியவர் அவர். நம் ஊரில் நடந்த வரலாறு, நம் ஆசிரியர்களிடம் வாழ்க்கைக் குறிப்பாக மட்டுமே போய்ச் சேர்கிறது.

அட்டை வந்தது, காரணம் வரவில்லை

தமிழ்நாடு இந்தத் திசையில் முயலாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்துவர மாநகராட்சி ஆசிரியர்களை அனுப்பினார். 13 பள்ளிகளில் தொடங்கிய ‘செயல்வழிக் கற்றல்’ மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவி, 2007-08இல் மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளையெல்லாம், ஏறத்தாழ 37,000 பள்ளிகளை, எட்டியது.

அந்த வகுப்பறையை நேரில் கண்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில், ஆளுக்கொரு பங்காகக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் பிள்ளைகளின் ஓவியங்கள். சுவரில் ஏணிப்படி அட்டவணை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, படத்தை அடையாளம் வைத்து, தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுத்துவரும். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாதம் செங்கல் சூளைக்குப் போய்விட்டு வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். ‘மாணவர்கள்’ என்ற ஒற்றை உருவம் அங்கே நாற்பது தனித்தனிப் பிள்ளைகளாகப் பிரிந்தது.

பிறகு நடந்தது என்ன? அட்டைகள் லாரி ஏறிச் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் போய்ச் சேர்ந்தன. அவற்றின் பின்னிருந்த காரணம் அந்த வேகத்தில் போகவில்லை. மாநிலத்தில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தவர் வட்டாரத்துக்கும், வட்டார வள மையக் கருத்தாளர் ஆசிரியர்களுக்கும் சொல்லும் படிநிலைப் பயிற்சியில், ‘எப்படி’ என்பது தப்பிப் பிழைக்கும். ‘ஏன்’ என்பது இரண்டாம் படியிலேயே உதிர்ந்துவிடும். அட்டையை எடுத்தாயா, வைத்தாயா என்ற மேற்பார்வையாகப் பல இடங்களில் அது சுருங்கியது. முறை பின்னர் எளிமையாக்கப்பட்டது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை மூன்று நிலைகளாகப் பார்க்கும் அந்தத் திட்டத்தின் அடியிலும் இருப்பது அதே எண்ணம்தான்: எல்லோரும் ஒரே படியில் நிற்பதில்லை. ஆனால், இருபது ஆண்டுகளாக இது பணியில் இருப்பவர்களுக்கான சில நாள் பயிற்சியாகவே கற்றுத்தரப்படுகிறது. பயிற்சிக் கல்லூரியின் பாடக்குறிப்பு நோட்டில் இன்னமும் ‘மாணவர்கள் விடையளிப்பர்’.

இரண்டு மன்றங்கள், ஒரே வகுப்பறை

பிளவு சட்டத்திலேயே இருக்கிறது. சிறப்புக் கல்விப் பயிற்சிக்குப் பொறுப்பு, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம். பொதுக் கல்வி ஆசிரியர்களுக்கு, 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். பள்ளியில் ஒரே பிள்ளைக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டிய இருவர், பயிற்சிக் காலத்தில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வாய்ப்பே இல்லை. விளைவு, காது கேளாத பிள்ளை வகுப்புக்கு வந்தால் ‘அதற்குச் சிறப்புப் பயிற்றுநர் வருவாரே’ என்று பொது ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். தொகுப்பூதியத்தில் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாக அலையும் அந்தப் பயிற்றுநரோ எல்லா நாளும் வர முடியாது. தொடக்க வகுப்புகளில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் விகிதம் வகுத்தது. பணியிடங்களை முறைப்படி அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு அது மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

வேறுபாடு என்றதும் உடற்குறை மட்டும் நினைவுக்கு வருவதும் சரியில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயரில் ஒட்டிய சாதி ஆகியவற்றோடு, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையும் தொட்டது. சமூக நீதியும் அனைவரையும் உள்ளடக்கும் பார்வையும் அதில் இடம்பெற வேண்டும் என்றது. கயிறு பற்றிய பரிந்துரைதான் தொலைக்காட்சி விவாதங்களில் பேசப்பட்டது. பாடத்திட்டம் பற்றிய பரிந்துரையை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எமிஸ் எனும் கல்வித் தகவல் இணையதளப் பதிவு, விலையில்லாப் பொருள் விநியோகம், தேர்தல், கணக்கெடுப்பு என்று பாதி நாளைப் பறிகொடுத்துவிட்டு, மீதி நாளில் ‘ஒவ்வொரு பிள்ளையையும் கவனி’ என்று சொல்வது நியாயமாகாது. எழுத்தர் இல்லாத தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியரே எழுத்தர். அந்தச் சுமையைக் குறைப்பது அரசின் வேலை.

செய்யக்கூடியவை எட்டாத உயரத்தில் இல்லை. உள்ளடக்கிய கல்வியை அரைத் தாளிலிருந்து எடுத்து, தமிழ் கற்பித்தல், கணிதம் கற்பித்தல் என ஒவ்வொரு தாளுக்குள்ளும் கொண்டுவரலாம். 20 வாரப் பயிற்சியில் இரண்டு வாரம் ஈராசிரியர் பள்ளியிலும், இரண்டு வாரம் சிறப்புப் பயிற்றுநருடனும் கழியட்டும். பார்வையற்ற ஆசிரியர்கள் பலர் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறார்கள்; அவர்களைப் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். இவற்றில் சிலவற்றுக்கு நிதியும் சட்டத் திருத்தமும் தேவைப்படலாம்.

ஒன்றுக்கு அதுவும் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டில் பாடக்குறிப்பு எழுதப்போகும் ஒவ்வொரு பயிற்சி மாணவரும் ‘மாணவர் செயல்’ பத்தியில், தான் பாடம் நடத்தும் வகுப்பிலுள்ள மூன்று பிள்ளைகளைத் தனித்தனியே குறித்து, இந்தப் பாடம் அவர்களில் யாருக்கு எங்கே இடறும், அப்போது தான் என்ன செய்வேன் என்று மூன்று வரி எழுதட்டும். அதற்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.