கூட்டு நடவடிக்கை யாருக்கு?

ரவுடி ஒழிப்பு என்றால் என்னவென்று அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சேரிகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊர்ப் பொங்கலோ, தேர்தலோ, தலைவர் நினைவு நாளோ வருகிறதா, முந்தின வாரமே ஏட்டு வந்து தெருமுனையில் நின்று பெயர் கேட்பார். "ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போடா, ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்லாத அந்தக் கையெழுத்து 107-இல் வழக்காகி, தாசில்தார் முன்னாலோ ஆர்.டி.ஓ. முன்னாலோ பிணைப் பத்திரமாகி நிற்கும். கரிமூட்டம் போடுகிறவன், மில்லுக்கு ஷிப்டு போகிறவன், ஐ.டி.ஐ. படிக்கிறவன் எல்லாரும் ஒருநாள் கூலியைத் தொலைத்துவிட்டு அங்கே வரிசையில் நிற்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டம் வந்து 107 என்பது 126 ஆகிவிட்டது. வரிசை அதே வரிசைதான்.

கும்பலே கிடையாது, எல்லாம் போலீசின் ஜோடனை என்று நான் எழுத வரவில்லை. 2024 செப்டம்பர் தொடக்கத்தில் திருச்சுழி ரோட்டில் ஒரு சரக்கு வேன் டிரைவரை பைக்கில் வந்தவர்கள் வெட்டிக் கொன்றார்கள். அடுத்து அருப்புக்கோட்டையில் மறியல். அங்கே பெண் டி.எஸ்.பி.யின் முடியைப் பிடித்து இழுத்ததை டி.வி.க்காரர்கள் நாளெல்லாம் போட்டுக் காட்டினார்கள். இழுத்தது அயோக்கியத்தனம், சந்தேகமில்லை. ஆனால் செத்தவன் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அரிவாளுக்குப் பயந்து கருக்கலில் பைக்கை நிறுத்தாமல் போகிற ஊர்க்காரர்கள்தான் நாமும். கும்பலை அடக்கு என்று கேட்கிற முதல் உரிமை நமக்குத்தான் இருக்கிறது. எந்தக் கும்பலை என்பதில்தான் தகராறு.

குண்டர் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ஆம் வருஷத்து 14-ஆம் சட்டம். இதில் போலீசு தனியாக எதையும் செய்வதில்லை. இன்ஸ்பெக்டர் எழுதுவார், எஸ்.பி. அனுப்புவார், கலெக்டர் கையெழுத்துப் போடுவார், சிறைக்காரர் வாங்கிப் பூட்டுவார், அப்புறம் அறிவுரைக் கழகம் என்று ஒன்று பார்க்கும். அதன் முன்னால் வக்கீல் வைத்துப் பேசக் கைதிக்கு உரிமை இல்லை. ஒரு வருஷம் உள்ளே, ஜாமீன் கிடையாது. காகிதத்தைத் தாமதமாகக் கொடுத்தார்கள், படிக்க முடியாத நகலைக் கொடுத்தார்கள் என்று உயர்நீதிமன்றம் எத்தனையோ உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. அதற்குள் மாதக்கணக்கில் போய்விடும். மாட்டை விற்று வக்கீலுக்குக் கொடுத்த தாய்க்கு அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? நகரங்களில் இன்னும் ஒருபடி மேலே போய், டெபுடி கமிஷனர்களுக்கே மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்து அரசாணை போட்டார்கள். பிடிக்கிறவனே உள்ளே தள்ளுகிறவன். 2023 மார்ச்சில்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இந்த வறட்டுச் சீமைக்கு இதெல்லாம் புதுசு இல்லை. வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டம், அதாவது 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம், கள்ளரையும் ஆப்பநாட்டு மறவரையும் கைரேகை வைக்க வைத்தது. ராத்திரியில் ஸ்டேஷனில் அடைத்தது. எதிர்த்த பெருங்காமநல்லூர்க்காரர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. பிறப்பைப் பார்த்துப் பெயர் எழுதுகிற சட்டம் யார் மேல் வந்தாலும் அநியாயம்தான். அந்தத் தழும்பு உள்ளவர்களின் பேரன்மார் சிலரே இன்று சேரிப் பக்கம் கையைக் காட்டி, "இவனுகளக் குண்டாஸ்ல போடுங்க சார்" என்கிறார்களே, அதை எங்கே போய்ச் சொல்ல?

சரி, இத்தனை இலாகாவும் ஒரே நாளில் கைகோக்கத் தெரிந்த அரசாங்கம் நமக்காக எப்போது கைகோத்தது? அதற்கும் சட்டம் இருக்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1995-இல் வந்த அதன் விதிகள். மூன்றாம் விதியைத் தோழர்கள் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய ஊர்களை அரசாங்கம் முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் போய்ப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஆதிக்க சாதிக்காரரின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்யலாம். தற்காப்புக்கு நம் ஆட்களுக்கே லைசென்சு கொடுக்கலாம். ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறது! பதினேழாம் விதியின்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாநிலக் குழு முதலமைச்சர் தலைமையில் வருஷம் இரண்டு தடவை. அந்த மாநிலக் குழுவோ பல வருஷம் கூடாமலே கிடந்து, 2021 ஆகஸ்டில் கூடியது.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்துக்கு 2018 மே 28 ராத்திரி வந்தது கும்பல் இல்லாமல் என்ன? அரிவாளோடு வீடு வீடாகப் புகுந்து வெட்டினார்கள். நம் ஆட்கள் மூன்று பேர் செத்தார்கள். முன்னாலேயே ஸ்டேஷனில் சொல்லியிருந்தோம் என்று ஊரே சொன்னது. 107 போட அன்று ஏட்டு எங்கே போயிருந்தார்? 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது சிவகங்கை நீதிமன்றம். அது பெரிய தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் தடுப்புச் சட்டம் என்பது வெட்டுப்படுவதற்கு முன்னால் வர வேண்டியது.

2011-ஐயும் பாருங்கள். செப்டம்பர் 9 அன்று கமுதிப் பக்கம் பள்ளப்பச்சேரியில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைக் கொன்றார்கள். அவனைக் காப்பாற்ற எந்தக் கூட்டமும் கூடவில்லை. இரண்டு நாள் கழித்து, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளன்று பரமக்குடியில் மட்டும் ஆயுதத்தோடு அத்தனை போலீசு. துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். 1957-இல் அவரை வெட்டிச் சாய்த்த அதே பரமக்குடி.

எழுதுகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு எழுதுங்கள். கண்காணிப்புக் குழு கடைசி ஐந்து வருஷத்தில் எந்தெந்தத் தேதியில் கூடியது, நடவடிக்கைக் குறிப்பு எங்கே? மூன்றாம் விதியில் எத்தனை லைசென்சு ரத்தானது? கடமை தவறிய அதிகாரிக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை தண்டனை என்கிறது நாலாம் பிரிவு. அதில் எத்தனை பேர் மேல் வழக்கு? கூடவே, குண்டர் சட்டத்தில் போனவர்கள் எத்தனை பேர், அதில் நம் தெருக்காரர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பதில் வந்ததும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதே பத்திரிகைக்கு அனுப்புங்கள்.