பிரேக்கில் கரையும் பணம்

சென்ற மாதம் நமது மோட்டார் சைக்கிள் விஷயமாக ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போக நேர்ந்தது. வண்டி வாங்கி நாலு வருஷந்தான் ஆகிறது. வாங்கிய புதிதில் லிட்டருக்கு 55 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி, இப்போது 46-க்கு மேல் ஓடமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தது. பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டோம். பிறகு பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் மேல் பழியைப் போட்டோம். இரண்டாவது குற்றச்சாட்டில் சிறிது உண்மை உண்டு. பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில் இருக்கிறது. ஆகவே நூற்றுக்கு 20 பங்கு கலந்தால் ஆறேழு சதவிகிதம் சக்தி குறையத்தான் செய்யும். ஆனால் நமது நஷ்டமோ 16 சதவிகிதம். மீதி எங்கே போயிற்று?

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "எஞ்சினில் கோளாறு ஒன்றுமில்லை, சார். இனி நீங்கள் ஓட்டிவிட்டு வந்து பின் சக்கரத்தின் நடுவில் கையை வையுங்கள்" என்றார்.

ஓட்டிவிட்டு வந்து வைத்தோம். வைத்த வேகத்தில் எடுத்தும் விட்டோம். அப்படிச் சுட்டது.

"உங்கள் வலது கால் எப்போதும் பிரேக்கின் மேலேயே இருக்கிறது. பெட்ரோல் முன்னே இழுக்கிறது. பிரேக் பின்னே இழுக்கிறது. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பிரேக் ஷூ மாற்றியிருக்கிறோம். பிரேக் ஷூ தேய்கிறதென்றால் பெட்ரோலும் தேய்கிறதென்றுதான் அர்த்தம், சார்."

சக்திக்கு அழிவில்லை, அது உருவந்தான் மாறும் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு வருகிறவர்கள் நாம். அந்தப் பாடத்தை நமக்கே ஒருவர் திருப்பிச் சொல்லிக் கொடுத்தார். அதுவும் உள்ளங்கையில் சூடு வைத்து! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாயிருந்தது.

அன்றிரவு காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓடுகிற வண்டியிலுள்ள சக்தி, அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை 60-க்கு ஏற்றினால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் அதற்குள் ஏற்றிய சக்தி இரண்டேகால் மடங்கு. அடுத்த சிவப்பு விளக்கில் பிரேக்கை அழுத்தும்போது அவ்வளவும் சூடாகிக் காற்றோடு போகிறது. சரி, இந்தச் செலவுக்கு நாம் வாங்கிய சரக்குத்தான் என்ன? இரண்டு சிக்னல்களுக்கு நடுவே 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 வேகத்தில் அதைக் கடக்க 27 வினாடி. 60 வேகத்தில் 18 வினாடி. ஆக 9 வினாடி லாபம். அந்த ஒன்பது வினாடியையும் சிவப்பு விளக்கின் அடியில் நின்று, எண்கள் இறங்கி வருவதைப் பார்த்தபடியே செலவழிக்கிறோம். பின்னால் நிதானமாக வந்த டவுன் பஸ்ஸும் நம் பக்கத்தில் வந்து நிற்கிறது. சேலத்தில் காலை ஒன்பது மணிக்கு எந்த நாற்சந்தியில் வேண்டுமானாலும் இந்தக் காட்சியைக் கண்குளிரக் காணலாம்.

மறுநாள் முதல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். டாங்கை நிரப்பியதும் மீட்டரிலுள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டியது. அடுத்த தடவை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து, ஓடிய தூரத்தை அதனால் வகுக்கவேண்டியது. நாலாம் வகுப்புக் கணக்குத்தான். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தோம். கிளச்சைப் பாதி பிடித்தபடி ஊர்ந்து போகும் வழக்கத்தை விட்டோம். தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரைத் தணித்து, வண்டியைத் தன் ஓட்டத்திலேயே போகவிட்டோம். பல தடவைகளில் நாம் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்துவிடுகிறது, நிற்கவே வேண்டியிருப்பதில்லை. அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டுமானால் எஞ்சினை அணைத்தோம். வாரம் ஒருமுறை காலையில் டயர்கள் சூடேறுவதற்கு முன் காற்றுப் பார்த்தோம். கடைத்தெருவுக்கும் தபாலாபீசுக்கும் தனித்தனியாகப் போய்வந்ததை ஒரே சுற்றில் முடித்தோம். குளிர்ந்த எஞ்சின் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அதிகமாகவே பெட்ரோல் குடிக்கும்.

மாத முடிவில் கணக்கு லிட்டருக்கு 52 என்று வந்தது. நமக்கு மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 150 ரூபாய். பெருமையோடு வீட்டில் சொன்னோம். "நூற்றைம்பது ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் வேறா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற மோட்டார் கார் உள்ள வீட்டில், லிட்டருக்கு 14 என்பது 16 ஆனால், ஏறக்குறைய 900 ரூபாய் மீதியாகும். மேலும், நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கடல் கடந்து வருகிறது. பிரேக்கில் தேய்ப்பதற்காகவா அதைக் கப்பலில் கொண்டு வருகிறோம்?

சிக்கனத்தின் பெயரால் செய்யும் ஓர் அபாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, 20 கொண்டையூசி வளைவுகளிலும் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் காரை உருட்டிக்கொண்டு வருவது நமது மைத்துனரின் வழக்கம். "பாருங்கள் மாமா, ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை" என்பார். நமக்கு உயிர் நம்மிடம் இராது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு அது தரும் உதவி போய்விடும். இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். வேடிக்கை என்னவென்றால், இதில் லாபமும் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்ஜெக்ஷன் முறையுள்ள இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இருந்தபடியே ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால், பெட்ரோல் வருவது தானாகவே நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுற்றுகின்றன. எஞ்சினோ இலவசப் பிரேக்காக வேலை செய்கிறது. எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் இறங்குகிறவர்தான் உண்மையில் பெட்ரோல் செலவழிக்கிறார். இதைச் சொன்னோம். மைத்துனர் நம்பவில்லை. பௌதிகத்தை உறவினர்களுக்குப் போதிப்பது கடினம்.

நெடுஞ்சாலையில் எதிரி பிரேக் அல்ல, காற்று. 80 வேகத்திலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. நூறு கிலோமீட்டர் தூரத்தில் இதனால் கிடைப்பது 15 நிமிஷம். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அமெரிக்கர்கள் இந்தக் கணக்கைச் சட்டமாகவே போட்டார்கள். 1974 ஜனவரியில், மணிக்கு 55 மைலுக்கு மேல், அதாவது 88 கிலோமீட்டருக்கு மேல், எந்தச் சாலையிலும் போகக்கூடாது என்று ஆயிற்று. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், மீறினார்கள், எதிர்பார்த்த அளவு எண்ணெய் மிஞ்சவில்லை, 1995-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் 1973-இல் சுமார் 54,000 ஆக இருந்த அந்நாட்டுச் சாலை மரணங்கள், மறு வருஷம் சுமார் 45,000 ஆகக் குறைந்தன. ஜனங்கள் பிரயாணத்தையே குறைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணந்தான்.

நம்மவர்களுக்கும் இந்த அநுபவம் புதிதல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, தமிழ்நாட்டுப் பஸ்கள் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனியார் அதற்கான கரிவாயு யந்திரத்தைச் செய்து விற்றார்கள். அந்தப் பஸ்ஸில் போனவர்களுக்கு அவசரப்படுவதற்கு வழியே இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, கட்டுரை சரியாகிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தபோது, சென்ற ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவனைக் கடைத்தெருவில் பார்த்தோம். ஹோட்டல்களிலிருந்து வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். தினம் 120 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் அவன் கைக்காசு. நமக்கு உற்சாகம் வந்துவிட்டது. நோட்டுப் புத்தகக் கணக்கை எடுத்துச் சொன்னோம். லிட்டருக்கு 45 என்பதை 52 ஆக்கினால் மாதம் 900 ரூபாய்க்கு மேல் மீதியாகுமே என்றோம்.

பொறுமையாகக் கேட்டான். வகுப்பிலும் அவன் அப்படித்தான்.

"கணக்குச் சரிதான், சார். நிதானமாகப் போனால் பெட்ரோல் மிச்சம். ஆனால் பத்து நிமிஷம் தாமதமானால் எத்தனை நட்சத்திரம் போடுவதென்று சாப்பாட்டுக்குச் சொன்னவர்கள் கையில் இருக்கிறது. நட்சத்திரம் குறைந்தால் அடுத்த ஆர்டர் வேறொருவனுக்குப் போய்விடும்" என்றான்.

அவனுடைய செல்போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "வருகிறேன், சார்" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினான். தெருமுனைச் சிக்னலில் விளக்கு மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. அவன் பிரேக்கைத் தொடவில்லை.

அன்றிரவு நம் வீட்டிலும் சமையல் இல்லை, ஹோட்டலுக்குச் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. எத்தனை நட்சத்திரம் போடலாமென்று பெண் கேட்டாள். ஐந்து என்றோம்.