பெட்டியைத் திறக்காத பேனாக்கத்தி

1/ "லிமிடெட் எடிஷன்" பேனாக்கத்தி சேர்க்கிறவங்களுக்காக இந்த த்ரெட். எனக்கும் அந்த ஆசை உண்டு. அதனால இதை டாக்டர் அட்வைஸா எடுத்துக்காதீங்க, கூட்டாளி சொல்றதா எடுத்துக்கங்க.

2/ முதல்ல கொஞ்சம் கதை. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-ல் கார்ல் எல்ஸ்னர் பட்டறை தொடங்கினார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1897-ல் அதிகாரிகளுக்கான கத்தி வந்தது. இன்னைக்கு அந்தக் கம்பெனிதான் விக்டோரினாக்ஸ்.

3/ அந்த 1897 கத்தியின் 125-ம் ஆண்டு நினைவாக, 2022-ல் ஒரு மறுபதிப்பு வெளியிட்டாங்க. மொத்தம் 9,999 கத்திகள். கேட்டதும் "அடடா, அபூர்வம்!"னு தோணும். அங்கதான் நாம ஏமாறுறோம்.

4/ பழைய கத்திக்கு ஏன் விலை? அமெரிக்காவில் கேஸ் கம்பெனி 1970-ல் பெயருக்குக் கீழே 10 புள்ளி பொறித்து, வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைச்சுக்கிட்டே வந்தது. சேகரிப்பவர்கள் புள்ளியை எண்ணியே வயசைச் சொல்லிடுவாங்க. அதுக்கும் முந்தைய கத்திகள் பெரும்பாலும் வேலைக்காக வாங்கப்பட்டவை. தேய்ஞ்சு, உடைஞ்சு, வயல்ல தொலைஞ்சு போச்சு. நல்ல நிலையில் தப்பியது கொஞ்சம்தான். அதனாலதான் மதிப்பு.

5/ நினைவுக் கத்தி அப்படியா? தேயாது, உடையாது, தொலையாது. எல்லாரும் சான்றிதழோட பெட்டியிலேயே வச்சிருப்பாங்க. 30 வருஷம் கழிச்சும் பெரும்பாலானவை புதுசாவே இருக்கும். விற்கலாம்னு நீங்க நினைக்கும்போது மத்தவங்களும் நினைப்பாங்க. பிடிச்சிருந்தா வாங்குங்க. "முதலீடு"ன்னு உங்களை நீங்களே ஏமாத்திக்காதீங்க.

6/ அப்புறம் ஏன் கை தானா போகுது? வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வு பிரபலம். பழக்கம் ஆனதும், டோபமின் நியூரான்கள் பழச்சாறு வரும்போது அல்ல, அது வரப்போகுதுங்கிற அறிகுறி தெரிஞ்சதுமே துடிச்சன. "இன்னும் 12 மட்டுமே"ங்கிற வரி நமக்கு அந்த அறிகுறி மாதிரி. பார்சல் பிரிச்ச மறுநாளே அடுத்ததைத் தேடுறோம், இல்லையா?

7/ சேகரிப்பது நோயா? இல்லை. எதையும் தூக்கிப்போட முடியாம குவிச்சு, வாழ இடமே இல்லாமப் போற நிலை வேற. அதை 2013-ல் டிஎஸ்எம்-5 தனிக் கோளாறாகச் சேர்த்தது. ஆனா உங்களையே மூணு கேள்வி கேளுங்க: கடன்ல வாங்குறீங்களா? விலையை வீட்ல மறைக்கிறீங்களா? வாங்கினதைத் திறந்துகூடப் பார்க்கலையா? ஆமான்னா, ஒரு மாசம் வாங்காம இருந்து பாருங்க. முடியலைன்னா வெட்கப்படாம ஒரு மனநல மருத்துவர்கிட்ட பேசுங்க.

8/ வச்சிருக்கிறதைப் பத்திரமா வைங்க. தோல் உறைக்குள்ளேயே போட்டு வச்சா ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும், பித்தளையில பச்சைக் களிம்பு ஏறும். பழைய செல்லுலாய்டு பிடி சிதைய ஆரம்பிச்சா, அதோட ஆவி பக்கத்துக் கத்தியையும் அரிக்கும். அதைத் தனியா வைங்க.

9/ பயன்படுத்துறவங்களுக்கு: பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால குத்தாதீங்க, அலகு மடங்கி விரல்லயே விழும். மொண்ணைக் கத்தி இன்னும் ஆபத்து, அழுத்தி வெட்டுவோம், வழுக்கும். வெட்டுப்பட்ட விரலை மடக்க முடியலைன்னாலோ மரத்துப்போனாலோ, காயம் சின்னதா இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம்.

10/ என் கருத்து இதுதான். 1891 கத்தி, சிப்பாய் டின்னைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் செஞ்சது. அந்தப் பரம்பரையில் வந்த ஒண்ணை ஒரு தடவைகூட விரிக்காம பூட்டி வச்சா அது எதோட நினைவு? பத்து வாங்குற காசுல ரெண்டு வாங்குங்க. அதுல ஒண்ணால இன்னைக்கே ஒரு மாங்காய் நறுக்குங்க. கீறல் விழும். விழட்டும், அப்பத்தான் அது உங்க கத்தி.