பிளஸ் டூ முடிவுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் மே மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: காலேஜா, கம்பெனியா? கம்பெனிக்கு என்றால் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிறைந்து, ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தால் வழி பிறந்துவிடுகிறது. ஊர் முனைக்கே வேன் வருகிறது. அடுத்த மாதமே சம்பளம் ஏறுகிறது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வளர்ந்த தொழில் வட்டம் இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ், ஏத்தர் என்று பெருகி, ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலையோடு போச்சம்பள்ளி வட்டாரத்துக்கே வந்துவிட்டது. அந்த ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் ஓலா அறிவித்தது.

கல்லூரிக்கு என்றால் கதை வேறு. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, டி.சி., பள்ளி தரும் எமிஸ் எண், கல்லூரியில் பெறும் யூ.எம்.ஐ.எஸ். எண், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து வர வேண்டும். இவற்றில் ஒன்று தடுக்கினாலும் உதவித்தொகை நிற்கிறது. அந்த வீட்டுக்குக் கம்பெனி வேன் வருவது மட்டும் நிற்பதில்லை.

கல்லூரிக்குப் பணம் இல்லை என்று பெற்றோர் சொல்வது உண்மை. ஆனால் அரசிடம் அவர்களுக்கான பணம் இருக்கிறது என்பதும் உண்மை. அரசுக் கலைக் கல்லூரியில் சேர இணையவழி விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக மொத்தம் 50 ரூபாய்தான். பட்டியலின, பழங்குடி மாணவருக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 1989இல் திருமண உதவியாகப் பிறந்து, 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்துகொண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம்தான் இப்படிக் கல்லூரிப் பக்கம் திருப்பப்பட்டது. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு என ஒதுக்கிய பணத்தை அவள் படிப்புக்கு மாற்றிய முடிவு, இந்த மாநிலம் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9இல் வந்தது. இப்போது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு.

இந்த 1,000 ரூபாய் மற்ற உதவித்தொகைகளுக்கு மாற்று அல்ல, அவற்றோடு சேர்த்தே வருவது. இதைப் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவருக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியலின மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இலிருந்து நடந்துவருகிறது. அதற்கும் 2.5 லட்சம்தான் வரம்பு. படிப்பையும் விடுதியில் தங்குவதையும் பொறுத்து ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை கல்விப்படி, கட்டணம் தனி. சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கச் சொன்ன 2012 செப்டம்பர் 11ஆம் தேதியிட்ட அரசாணை எண் 92ஐ இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். 2017இல் வந்த திருத்தம் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை அதிலிருந்து நீக்கிவிட்டது. அதை அறியாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு, பிறகு கட்டணம் கட்டச் சொல்லும்போது திகைத்து நிற்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சேர்வதற்கு முன் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் ஒரு வார்த்தை எல்லா இடத்திலும் போதாது. அமெரிக்காவில் எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெரி லாங் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். வருமான வரிக் கணக்கைத் தயாரித்துத் தரும் எச் அண்டு ஆர் பிளாக் என்ற நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு வரும் எளிய குடும்பங்களில் ஒரு பிரிவுக்கு, கல்லூரி உதவித்தொகைக்கான அரசுப் படிவத்தை அங்கேயே உட்காரவைத்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் தந்தார்கள். படிவம் நிரப்பப்பட்ட வீடுகளின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் மாற்றம் இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் இதுவே பொருந்தும் என்பது இவ்விதழின் கருத்து. அரசு நடத்தும் கல்லூரிக் கனவு, நான் முதல்வன் வழிகாட்டல் நிகழ்ச்சிகளில் திட்டங்களின் பெயர்கள் பிள்ளைகளின் காதில் விழுந்துவிடுகின்றன. சுவரொட்டியும் உண்டு, கையேடும் உண்டு. இல்லாதது, பக்கத்தில் உட்கார்ந்து தாளை முடித்துக் கொடுக்கும் ஆள்.

வங்கிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்புக்கில் ஆதார் எண் அச்சாகியிருந்தால் கணக்கு தயார் என்று பெற்றோர் நினைக்கிறார்கள், சில நேரம் ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். ஒருவரின் ஆதார் நான்கு கணக்குகளில் பதிவாகியிருக்கலாம். அரசு அனுப்பும் பணம் அவற்றில் ஒன்றுக்குத்தான் போகும், அதாவது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவேட்டில் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கு. கோடை விடுமுறையில் ஒரு மாதம் கம்பெனிக்குப் போய்வந்த பெண்ணுக்கு அங்கே புதிதாகச் சம்பளக் கணக்கு தொடங்கியிருப்பார்கள். ஆதார் இணைப்பும் அதற்கு மாறியிருக்கும். வேலையை விட்டதும் ஏ.டி.எம். அட்டை எங்கோ போய்விடும். ஜூலையில் அவள் கல்லூரி விண்ணப்பத்தில் பள்ளிக்காலத்துப் பாஸ்புக்கைக் காட்டுகிறாள். பணமோ அவள் மறந்துபோன கணக்குக்குப் போகிறது, அல்லது கணக்கு மூடியிருந்தால் திரும்பிவிடுகிறது. "எனக்கு மட்டும் வரல மிஸ்" என்று அவள் வந்து நிற்கும்போது அரையாண்டு முடிந்திருக்கும்.

மை ஆதார் தளத்தில் எந்த வங்கியில் இணைப்பு இருக்கிறது என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அலைபேசி எண் ஆதாரில் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இணைப்பு இல்லாத பிள்ளைக்கு அஞ்சல்காரரே கைரேகை வைத்து இந்தியா போஸ்ட் வங்கிக் கணக்கு தொடங்கித் தருகிறார். இன்னொன்று: இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லாத கணக்கை வங்கி முடக்கும் என்றாலும், உதவித்தொகைக்காகத் தொடங்கிய இருப்புத்தொகை தேவையில்லாத கணக்குகளுக்கு அது பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறை. கிளையில் மறுத்தால் வழிகாட்டி ஆசிரியர் இதை எடுத்துச் சொல்லலாம்.

அடுத்தது பெயர். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, டி.சி.யில் தலைப்பெழுத்து மட்டும், சாதிச் சான்றில் தலைப்பெழுத்து பின்னால். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் ஒரே பெயரை மூன்று தாளில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கணினி இவர்களை மூன்று பேராகப் பார்க்கிறது. இதைப் பதினோராம் வகுப்பில் கண்டுபிடித்தால் ஆதார் மையத்துக்கு ஒரு நடை. கல்லூரியில் சேர்ந்தபின் கண்டுபிடித்தால் ஓர் ஆண்டுத் தொகை.

வருவாய்த் துறைச் சான்றுகளில் வரிசை முக்கியம். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அதைக் கடைசியில் வாங்க வேண்டும். சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் முன்பே வாங்கிவைக்கலாம். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் கலைக் கல்லூரியிலும் தங்கை பொறியியலிலும் சேரப்போகும் வீட்டில் யாருக்கு அதைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே பேசிவைப்பது பணம் மிச்சப்படுத்தும் பேச்சு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக் கிராமங்களின் இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று வட்டாட்சியர் நிலையில் முடிவதில்லை, கோட்ட அளவில் சார் ஆட்சியர் தர வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கினாலும் சீக்கிரம் என்று சொல்ல முடியாது.

இப்பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீர் வந்து பாரூர் ஏரி நிரம்பும் ஆண்டில் வயல் வேலை உண்டு. நிரம்பாத ஆண்டில் குடும்பமே கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறது. பிள்ளையும் கூடவே போய் அங்கே ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கிறது, பிறகு திரும்பி வந்து இங்கே அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடிக்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், தொழிற்படிப்புகளுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு எல்லாமே ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் (முதல் இரண்டுக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலும்) படித்ததைத்தான் கேட்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு விதிவிலக்கு வைத்த அரசு, பிழைப்புக்காக எல்லை தாண்டிய கூலிக் குடும்பத்தின் பிள்ளைக்கும் ஒன்று வைக்க வேண்டும். அவர்கள் மற்ற எவரையும்விடக் குறைவான தேவையுள்ளவர்கள் அல்லர். அந்த விதிவிலக்கு வரும்வரை, பள்ளியை அடிப்படையாகக் கொள்ளாத உதவிகள் பக்கம் இந்தப் பிள்ளைகளைத் திருப்ப வேண்டும்: போஸ்ட் மெட்ரிக், இலவசக் கல்வித் திட்டம், மத்திய அரசின் உதவித்தொகைகள்.

மத்திய அரசுத் திட்டங்களில் இரண்டு இங்கே போதிய கவனம் பெறவில்லை. பிளஸ் டூவில் வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு இது கிடையாது, கூட்டிக் கழித்துப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். தொழில்நுட்பப் பட்டம், டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கான பிரகதி ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேரும் பெண்ணும், கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் சேரும் பெண்ணும் கேட்கலாம். சேர்ந்த ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாம் ஆண்டில் நினைவு வந்து பயனில்லை.

கடன் கடைசியில்தான். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் பிணையின்றித் தருகிறது, ஆனால் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். மேலே சொன்ன எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்காமல் ஒரு பிள்ளையைக் கடன் கவுண்டருக்கு அனுப்புவது சரியான வழிகாட்டல் ஆகாது.

பள்ளி வழிகாட்டி ஆசிரியர்களும் கல்லூரிகளின் உதவித்தொகைப் பொறுப்பாளர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே பிள்ளைக்காக உழைக்கிறார்கள். எந்தெந்தக் காரணத்தால் பணம் திரும்பியது என்பது கல்லூரியில் யூ.எம்.ஐ.எஸ். பார்ப்பவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளை படித்த பள்ளிக்கு அது தெரிவதே இல்லை, அடுத்த அணியும் அதே பள்ளத்தில் விழுகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர், பர்கூர்க் கல்லூரிப் பொறுப்பாளர்களிடம் இவ்விதழ் கேட்பது இதுதான்: சென்ற ஆண்டு தொகை நின்றுபோனவர்கள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள், எந்தத் தாளில் தடை என்று பள்ளிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். பெயர்கள் வேண்டாம், காரணம் போதும். தலைமை ஆசிரியர்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளையை இதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும். கல்லூரியிலிருந்து குறிப்பு வரவில்லை என்றால் அரையாண்டு விடுமுறைக்கு முன் பள்ளியிலிருந்து நீங்களே போய்க் கேட்டு வாங்குங்கள்.