பெட்டி இருந்தது, உயரம் சொல்லவில்லை

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸில் மேகமே இல்லை. டாரன்ஸ் என்ற சிறு விமான நிலையத்திலிருந்து ஒரு பைப்பர் ஆர்ச்சர் மூன்று பேரோடு பிக் பேர் மலைப்பக்கம் கிளம்பியது. மெக்சிகோவிலிருந்து 64 பேருடன் ஏரோமெக்சிகோவின் டிசி-9 தரையிறங்க வந்துகொண்டிருந்தது. செரிட்டோஸ் நகருக்கு மேலே, சுமார் 6,500 அடி உயரத்தில், சின்ன விமானம் பெரியதன் வாலில் மோதியது. இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கீழே வீடுகளில் இருந்த 15 பேரும் மாண்டார்கள்.

அனுமதியில்லாமல் நெரிசலான வான்பகுதிக்குள் பைப்பர் நுழைந்தது பெரிய தவறு. ஆனால் அதில் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி இருந்தது. உயரத்தைச் சொல்லும் என்கோடர்தான் இல்லை.

தரையிலுள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். நான்கு இலக்க எண் ஒன்று. என்கோடர் இருந்தால் கூடவே உயரமும். எண் மட்டும் வந்தால் திரையில் ஒரு புள்ளி தெரியும். அது 2,000 அடியிலா, 6,500 அடியிலா என்று தெரியாது. உயரம் தெரியாமல் போவது எவ்வளவு கொடியது என்று இந்தியாவும் கண்டது. 1996 நவம்பர் 12 அன்று சார்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். டெல்லியில் அன்று இயங்கிய ரேடார் உயரத்தைக் காட்டாது. விமானிகள் வாயால் சொன்னதை நம்பித்தான் வேலை நடந்தது.

செரிட்டோஸுக்குப் பிறகு அமெரிக்கா விழித்தது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. பயணிகள் விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவியும் வந்தது. அந்த டிகாஸும் அடுத்த விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் சொல்லும் பதிலைக் கேட்டுத்தான் எச்சரிக்கும். பதில் சொல்லாத விமானம் அதன் கண்ணுக்கே படாது.

இவ்வளவு தெரிந்தும் கிளைடர்களுக்கும் பலூன்களுக்கும், எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கும் வசதி இல்லாமல் உருவான பழைய விமானங்களுக்கும் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு. 2006 ஆகஸ்ட் 28 அன்று நெவாடாவின் மிண்டன் அருகே, சுமார் 16,000 அடியில், ஹாக்கர் ஜெட் ஒன்று ஒரு கிளைடர்மீது மோதியது. அந்தக் கிளைடரிலும் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று விமானி அதை அணைத்து வைத்திருந்தார். அவர் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். மூக்கு நொறுங்கிய ஜெட் சக்கரம் வெளிவராமலே தரையிறங்கியது. ஜெட்டிலிருந்த ஐந்து பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். கிளைடர்களுக்கான விலக்கை நீக்கும்படி, விபத்தை விசாரித்த அமெரிக்க வாரியம் 2008இல் பரிந்துரைத்தது. விலக்கு இன்னும் நீங்கவில்லை.

டிரான்ஸ்பாண்டர் பொருத்துவது கார் ஸ்டீரியோ மாட்டுவது போன்ற வேலை அல்ல. மெக்கானிக் விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து, விரல் நீள ஆன்டெனாவுக்கு இடம் தேடுவார். சக்கரக் காலோ புகைக்குழாயோ அதை மறைக்கக் கூடாது. துணி போர்த்திய விமானம் என்றால் ஆன்டெனாவுக்குப் பின்னால் உலோகத் தகடு ஒன்றை வைத்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் அலை சரியாகப் பரவாது. காற்றழுத்தக் குழாயிலிருந்து என்கோடருக்கு ஒரு கிளை இழுக்க வேண்டும். அதில் கசிவு இருந்தால் சொல்லும் உயரம் பொய்யாகலாம். பொருத்திய பிறகும் அமெரிக்காவில் 24 மாதத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பாண்டர் சோதனை கட்டாயம்.

செலவாகும், உண்மைதான். வார இறுதியில் பறக்கும் ஒருவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் பலன் அவருக்கு மட்டுமா? மேலே போகும் பயணிக்கும், கீழே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கும் சேர்த்துத்தான். அப்படியானால் செலவிலும் அரசு பங்கேற்பதே நியாயம். இதற்கு வழியும் ஏற்கெனவே இருக்கிறது. தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியை மாட்டிக்கொண்ட சிறு விமானக்காரர்களுக்கு 2016இல் அமெரிக்க அரசு 500 டாலர் திருப்பித் தந்தது. பிரிட்டன் 2020இல் இத்தகைய கருவிகளின் விலையில் பாதியை, 250 பவுண்டு வரை, ஏற்றுக்கொண்டது.

விலக்கு பெற்றவர்களுக்கும் இதே கை நீள வேண்டும். ஒரு தேதி குறித்து விலக்கை எடுத்துவிட வேண்டும். உதவித்தொகை பெட்டிக்கு மட்டும் என்று நின்றுவிடாமல், செரிட்டோஸில் இல்லாமல் போன என்கோடருக்கும், நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரிக்கும் சேர்த்துக் கிடைக்க வேண்டும்.