கவட்டை எடுத்தவனெல்லாம் வேட்டைக்காரனா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே. அதான் மூணு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியலை. (யாரும் தேடலைன்னும் தெரியும், ஹி ஹி.) போன வாரம் ஊருக்குப் போனப்போ வீட்டுல ஒரு பஞ்சாயத்து. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

அக்கா பையனுக்கு பத்து வயசு. "மாமா, எனக்கு இது வாங்கிக் குடு"ன்னு மொபைலை நீட்டினான். கருப்புக் கலர்ல ஒரு கவட்டை. முன்கையில முட்டுக் குடுக்க ஒரு கம்பி, தடி தடியா ரப்பர் குழாய், மேல 'ஹண்டிங்'னு பெரிய எழுத்து. அடுப்படியில இருந்தே அக்கா குரல்: "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். எவன் கண்ணையாவது குத்திட்டு வந்து நிப்பான்." அப்புறம் ரெண்டு பேரும் என்னையே பாக்குறாங்க, தீர்ப்பு சொல்லுன்னு.

தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எனக்கும் அதே வயசு இருக்கும். கொய்யாக் கிளையில கவட்டை வெட்டி, சைக்கிள் டியூப் கட்டி, பழைய செருப்புத் தோல்ல வார் வெச்சு நானே செஞ்சேன். ஒரு வாரம் முழுக்க ஓணான், புளியம்பழம்னு குறி வெச்சு ஒண்ணும் படலை. எட்டாவது நாள் ஒரு மைனா மேல பட்டுடுச்சு. சாகலை. ரெக்கை மட்டும் ஒடஞ்சு போச்சு. அட்டைப்பெட்டியில துணி போட்டு வெச்சு, சோறு வெச்சேன், தண்ணி வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சு செத்துப் போச்சு. அப்பத்தா திட்டவே இல்லை. "திங்கிறதுக்கா அடிச்ச?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அதோட கவட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டவன்தான்.

அன்னைக்கு நான் தப்பு பண்ணது கவட்டையை எடுத்ததுல இல்லைன்னு இப்போ தோணுது. சுடத் தெரியாம உயிர் மேல குறி வெச்சதுதான் தப்பு.

ஒரு சின்ன கணக்கு. (இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும்.) கவட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவுல 75 சென்டிமீட்டர் இழுக்கறோம்னு வைங்க. வாரைப் பிடிச்சிருக்குற கை ஒரே ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனா, 10 மீட்டர் தூரத்துல குண்டு சுமார் 13 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மைனாவோட மொத்த நீளமே ரெண்டு சாண் கிடையாது. அப்போ நெஞ்சுல படணும்னு விட்டது ரெக்கையில படும், கால்ல படும். ரப்பர் எவ்வளவு பலமா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்னும் சொல்லப் போனா, பலமான ரப்பரை இழுக்கும்போது கை நடுங்கும், தப்பு அதிகமாகும். அந்த 'ஹண்டிங்' கவட்டை பத்து வயசுப் பையனுக்கு ஆகாதுன்னு நான் சொன்னது இதனாலதான்.

சரி, அப்போ எதை எடுக்கறது?

சட்டம்: கொய்யா, புளி ரெண்டும் நல்ல கட்டை. கவட்டையோட ரெண்டு முனைக்கும் நடுவுல எட்டு, ஒம்பது சென்டிமீட்டர் இருந்தாப் போதும். காஞ்ச கட்டையா, விரிசல் இல்லாம இருக்கணும். முன்கைக் கம்பி எல்லாம் ஆரம்பத்துல தேவையே இல்லை.

ரப்பர்: சைக்கிள் டியூப்னாலே கவட்டைன்னு நமக்கு ஒரு பாசம். ஆனா இப்போ வர்ற பெரும்பாலான டியூப் பியூட்டைல் ரப்பர். இழுத்து விட்டா மெதுவாத்தான் சுருங்கும். இயற்கை ரப்பர்ல செஞ்ச லேடெக்ஸ் பட்டை சட்டுன்னு சுருங்கும், அதனால லேசா இழுத்தாலே வேகம் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் தடிமன் போதும். பையன் இழுக்குற தூரத்தை அளந்தேன், 52 சென்டிமீட்டர். அதை நாலால வகுத்தா 13. கட்டு போக மிச்சம் 13 சென்டிமீட்டர் வர்ற மாதிரி ரெண்டு பட்டை, ரெண்டும் ஒரே நீளம். ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் கூடினாலும் குண்டு கோணலாத்தான் போகும். சுடறதுக்கு முன்னாடி தினம் பட்டையைப் பாக்கணும். ஓரத்துல சின்னக் கீறல் இருந்தாலும் மாத்திடணும். அறுந்தா அது திரும்பி வர்ற இடம் நம்ம மூஞ்சி.

குண்டு: ரோட்டுல பொறுக்குற கல்லு வேண்டாம். ஒண்ணு உருண்டை, ஒண்ணு சப்பைன்னு இருந்தா ஒரு நாளும் கத்துக்க முடியாது. களிமண்ணை ஒரே அளவா உருட்டி நிழல்ல காய வெச்சா அருமையான குண்டு. பட்டதும் உடைஞ்சிடும், திரும்பித் தெறிக்காது.

இனி சுடற விஷயம். கவட்டையைப் படுக்க வெச்சுப் பிடிங்க. வாரைக் கன்ன எலும்பு வரைக்கும் இழுங்க. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் அதே இடத்துல தொடணும். சூட்சுமமே இங்கதான் இருக்கு. விடும்போது விரலைச் சுண்டாதீங்க, தானா நழுவ விடுங்க. முதல் வாரம் அஞ்சு மீட்டர், அப்புறம் பத்து. குண்டு செகண்டுக்கு 50 மீட்டர் வேகத்துல போனா 10 மீட்டர்ல சுமார் 20 சென்டிமீட்டர் கீழ இறங்கும். 20 மீட்டர்ல கிட்டத்தட்ட 80. தூரம் ரெண்டு மடங்கானா இறக்கம் நாலு மடங்கு. இது கைக்குப் பழக ரொம்ப நாள் ஆகும்.

"அப்போ நல்லாக் கத்துக்கிட்டா வேட்டையாடலாமா?"ன்னு கேப்பீங்க. பையனும் அதைத்தான் கேட்டான். நம்ம நாட்டுல கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கிளி, முயல், உடும்பு எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். அடிக்க முயற்சி பண்ணாலே அது வேட்டைதான், பறவைக் கூட்டைக் கலைச்சாலும் கூட. பசிக்கு வேட்டையாடினவங்க இருந்தாங்க, அது வேற கதை. நமக்குக் கறிக்கடை தெருமுனையில இருக்கு.

சட்டத்தை விடுங்க, ராமாயணத்துக்கு வாங்க. சின்ன வயசுல ராமன் உண்டைவில்லால விளையாட்டா அடிச்ச மண்ணுருண்டை கூனி மேல பட்டதை, மந்தரை அத்தனை வருஷம் மறக்கலைன்னு கம்பர் சொல்றார். பதினாலு வருஷம் காட்டுல திரிய வேண்டியதாப் போச்சு. ராமனுக்கே அந்தக் கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்! (அந்த உண்டைவில் நிஜமான வில்லு. வயக்காட்டுல கிளி ஓட்டுற கவண் கயிறு. நம்ம ரப்பர் கவட்டை ரெண்டும் இல்லை. ரப்பரைப் பதப்படுத்துற முறைக்கு குட்இயர் காப்புரிமை வாங்கினதே 1844லதான்.)

கடைசியாத் தீர்ப்பு இதுதான். அந்த ஆன்லைன் சாமான் கிடையாது. கொய்யாக் கவட்டை உண்டு. பெரிய அட்டைப்பெட்டிக்குள்ள பழைய வேட்டியைத் தொங்க விட்டு, அதுக்கு முன்னாடி ஒரு காலி டப்பாவைக் கட்டினேன். பெட்டிக்குப் பின்னாடி சுவர். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் கட்டாயம். அக்கா அரை மனசா சரின்னாங்க.

முதல் நாள் முப்பது குண்டுக்கு ரெண்டுதான் பட்டுச்சு. நானும் விட்டுப் பாத்தேன். இருபது வருஷம் கழிச்சு! முப்பதுக்கு நாலு. பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம் கொஞ்ச நேரம் டப்பாவையே பாத்துட்டு, "இதுவே பட மாட்டேங்குது மாமா, அன்னைக்கு நீ எப்படி மைனாவை அடிச்ச?"ன்னு கேட்டான்.

"குருட்டாம்போக்குல பட்டுச்சுடா"ன்னேன். அது உண்மையும் கூட.

பிடுங்கிப் பரண்ல போட்டா பசங்க வேற யார்கிட்டயாவது கத்துக்குவாங்க. நாமளே கூட நின்னு டப்பாவைச் சுடச் சொல்லிக் குடுக்கறது மேல். இது என் கட்சி. உங்க கட்சி என்ன? அப்படியே, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? கவட்டையா, உண்டிவில்லா, வேற ஏதாவதா? சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: தெரு நாய், பக்கத்து வீட்டு மாங்கா, ஈபி கம்பம் மூணும் டப்பா லிஸ்ட்ல வராது.