முதல் நரம்பின் முறையீடு

மூளையோடு நேரடியாக இணையும் 12 இணைக் கபால நரம்புகளுள் முதலாவது முகர்வு நரம்பு. ஆயினும் நோயாளியின் குறிப்பேட்டில் '2 முதல் 12 வரை இயல்பு' என்றெழுதி, முதலாவதைத் தாண்டிச் செல்வதே பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது.

சோதனையோ எளிது. கண்களை மூடச்செய்து, ஒரு நாசியை அடைத்து, மறு நாசியருகே காப்பித்தூளைக் காட்டினால் போதும். அமோனியா போன்ற காட்டமான நெடி உதவாது. முகர்வு அற்றவருக்கும் அதை ஐந்தாம் நரம்பு உணர்த்திவிடும்.

பார்க்கின்சன் நோயில் கைநடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே முகர்வு மங்கக்கூடும். 2020இல் கொரோனா பலரின் முகர்வைப் பறித்த பிறகே நாம் மூக்கை நினைத்தோம். பார்வை மங்கினால் பதறும் நாம், மணம் மறைந்தால் சளியென்று விட்டுவிடுகிறோம். எரிவாயுக் கசிவையும் கெட்டுப்போன உணவையும் எச்சரிக்கும் புலன் அது. ஒரு சிட்டிகைக் காப்பித்தூளுக்குமா பஞ்சம்?